பூட்டும் திறப்பும்

நொதியத்தை விளக்க எமில் பிஷர் 1894 இல் எடுத்தாண்ட பூட்டும் திறப்பும் என்னும் உவமை, மருத்துவக் கல்விக்குத் தேர்வெழுதும் மாணவர்க்கு இன்றும் முதற்பாடமாம். போட்டி நிரோதத்துக்கு அது நன்கு பொருந்தும். சக்சினேற்றை ஒத்த மலோனேற்று உயிர்ப்பு மையத்தை அடைத்துக்கொள்ளும். சக்சினேற்றின் செறிவைப் பெரிதுங் கூட்டின் உச்ச வேகம் மீளும். அவ்வேகத்தின் பாதியை எய்த வேண்டிய செறிவாகிய மைக்கேலிசு மாறிலி மாத்திரம் உயர்ந்து தோன்றும்.

போட்டியில்லா நிரோதியோ பிறிதோரிடத்திற் பற்றுவது. துவாரம் அடைபடாதிருக்கவும் பூட்டு இயங்காததேன்? உச்ச வேகம் வீழ, மாறிலி மாறாது நிற்பதேன்? உவமை இங்கே ஊமையாகிறது. பூட்டு இறுகிய பொருள். நொதியமோ கீழ்ப்படை சேருங்கால் வடிவம் நெகிழ்வது என 1958 இல் கொஷ்லாந்து உரைத்தார். அதனையும் பல குறிப்பேடுகள் ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன. உவமையை மாத்திரம் மனனஞ் செய்த மாணவன், வரைபைக் கொடுத்து நிரோதியின் வகையை வினவினால் திகைப்பது இதனாலேயே. அவ்வரைபை அவன் கையாலேயே வரைவித்தல் வேண்டும்.