கையிருப்பில் 'கை' யாருடையது?

ரிசர்வ் வங்கி வாராவாரம் வெளியிடும் அந்நியச் செலாவணிக் கணக்கை நம் பத்திரிகைகள் 'கையிருப்பு உயர்ந்தது', 'கையிருப்பு சரிந்தது' என்று போடுகின்றன. இந்தச் சொல் எனக்கு ரொம்ப நாளா உறுத்துகிறது. சொல் நல்ல சொல்தான். ஆனா அது இருக்க வேண்டிய இடம் வேற.

கையிருப்பு கடைக்காரர் சொல். ராத்திரி கடை சாத்தும்போது கல்லாவை எண்ணி, வரவில் செலவைக் கழித்து மிச்சம் நிற்பது. மறுநாள் பேரேட்டில் அதுவே முன்னிருப்பு. எடுத்துச் செலவழிக்கலாம், யாரும் கேட்க மாட்டாங்க. ரேஷன் கடைப் பலகையில் 'இருப்பு' என்று எழுதுவதும் இதே பொருளில்தான்: இருக்கு, வாங்கிக்கலாம். (இருப்புப்பாதையில் வரும் இருப்பு இரும்பின் பிள்ளை, அது தனி.)

நாட்டின் டாலர் அப்படி மிச்சம் விழுந்த பணம் இல்லை. பெரும்பகுதி, ரிசர்வ் வங்கி சந்தையில் ரூபாய் கொடுத்து வாங்கியது. கணக்கின் மறுபக்கத்தில் அதற்கு ஈடாகப் பொறுப்பு நிற்கிறது. 'இவ்வளவு கையிருப்பு இருக்கே, ரோடு போட்டா என்ன?' என்று டீக்கடையில் ஒருவர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. சொல்லே அப்படித்தானே கேட்கச் சொல்கிறது!

இலங்கையில் 2022இல் நடந்ததைப் பாருங்கள். மார்ச் கடைசியில் கணக்குப்படி சுமார் 190 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 150 கோடி, சீன மத்திய வங்கியுடன் செய்த நாணய மாற்று ஒப்பந்தத்தில் வந்த யுவான். அதை எடுத்துப் புழங்க நிபந்தனை இருந்தது. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி, பயன்படுத்தக்கூடியது 5 கோடி டாலர்கூட இல்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களிடம் அந்த 190 கோடியைக் 'கையிருப்பு' என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

அங்குள்ள மத்திய வங்கி தன் தமிழில் 'ஒதுக்கு' என்கிறது. தொடாமல் தள்ளி வைத்தது என்ற பொருள் அதில் இருக்கிறது. கையிருப்பைவிட நேர்மையான சொல். ஆனால் தமிழ்நாட்டில் அது எடுபடாது. இங்கே 'நிதி ஒதுக்கீடு' என்றால் செலவழிக்கக் கொடுத்தது, கிட்டத்தட்ட எதிர்ப்பொருள். 'வைப்பு' என்றால் வங்கியில் போட்ட டெபாசிட், இல்லாவிட்டால் பி.எஃப். பணம்.

கிராமத்தில் இந்த வேறுபாட்டுக்கு அகராதி தேவைப்படவில்லை. சாப்பாட்டு நெல் வேற, விதைநெல் வேற. வீட்டில் எவ்வளவு நெல் இருக்கு என்று கேட்டால் விதைநெல்லைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். இந்தியாவும் 1991இல் விதைநெல்லில் கைவைத்தது: 47 டன் தங்கம் ஈடாக விமானத்தில் லண்டன் போனது.

என் ஓட்டு 'காப்பிருப்பு' என்ற சொல்லுக்கு. காத்து வைத்தது, காப்பதற்காக வைத்தது, இரண்டும் அதில் வரும். தலைப்பில் இடம் பத்தாது என்று உதவி ஆசிரியர்கள் சொல்லக்கூடும். எண்ணிப் பார்த்தேன், ஒரே ஒரு எழுத்துதான் கூடுதல்.