எரிந்த நூலும் எரியாத சொல்லும்

மலாய் எழுத்தாளர் அப்துல்லா உசேன் 1971-ல் வெளியிட்ட "இண்டர்லோக்" என்னும் நாவலைப்பற்றி நம்மவரில் பேசாதவர் அரிது. படித்தவரோ அதனினும் அரிது. 2011-ல் அது சிலாங்கூர், நெகிரி செம்பிலான், கோலாலம்பூர் முதலிய இடங்களில் ஐந்தாம் படிவ மாணவர்க்குக் கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது எழுந்த கிளர்ச்சியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பேராக்கு மாணவர்களுக்கு வேறு நாவல்தான். ஆயினும் கொதிப்பு இங்கும் குறைவில்லை. அவ்வாண்டு ஜனவரியில் கிள்ளானில் நூற்பிரதிகளும் ஆசிரியரின் படமும் கொளுத்தப்பட்டன. டிசம்பரில் சர்க்கார் நூலைப் பாடத்தினின்று மீட்டுக்கொண்டது. வெற்றி கிடைத்ததென்று பேசிக்கொண்டோம். எதன்மேல் வெற்றி என்பதைச் சற்று ஆராயவேண்டும்.

நாவல் நான்கு பாகமுடையது. எழுத்தறிவின்மையால் நிலத்தை இழக்கும் மலாய்க் குடும்பம் ஒன்று, சீனக் குடும்பம் ஒன்று, மணியம் என்னும் இந்தியனின் குடும்பம் ஒன்று. நான்காம் பாகத்தில் மூன்றும் பிணைகின்றன. ஆசிரியர் தம் இனத்தாரின் குறையையும் மறைத்தாரில்லை. தகராறுக்குரிய பகுதி, மணியம் கப்பலேறி வரும் இடம். கப்பலிலிருந்தோர் யாவரும் "பறையர்" என்னும் ஒரே ஜாதியாராதலால், தீட்டைப்பற்றிய அச்சமின்றிக் கலந்து பழகினர் என்பது அவர் கூற்று. இது சரித்திரப் பிழை. பினாங்கில் வந்திறங்கியோரில் பறையரும் பள்ளரும் இருந்தனர்; வன்னியரும் கவுண்டரும் பிறரும் இருந்தனர். கப்பலில் ஜாதி கரைந்துவிடவுமில்லை. தோட்டங்களில் ஆதிதிராவிடருக்கென்று தனி லயம் ஒதுக்கப்பட்டிருந்தது எதனால்? ஆசிரியர் நம்மை அறியாமல் எழுதினார் என்பதே எமது தீர்ப்பு. அவ்விடத்தில் ஏளனம் செய்யும் நோக்கம் எமக்குத் தென்படவில்லை.

எழுதுவது வேறு, பிறர் பிள்ளைகளைக் கட்டாயமாகப் படிக்கச் செய்வது வேறு. பல இனத்தார் கூடியிருக்கும் வகுப்பில் அச்சொல் உரக்கப் படிக்கப்படும்போது தலைகுனியும் பதினேழு வயதுப் பிள்ளையின் நிலை, நூலாசிரியரின் உரிமையால் தீர்வதன்று. ஆகவே பாடத்தினின்று நீக்கக் கோரியதை நாம் குறைகூறோம். நாம் குறைகூறுவது நெருப்பை மட்டுமே.

நிற்க. 1927-ல் அமெரிக்க மாது காதரைன் மேயோ "மதர் இந்தியா" எழுதி ஒரு தேசத்தையே இழித்துரைத்தார். இந்தியாவுக்குச் சுயராஜ்யம் ஆகாதென்று காட்டுவதே அம்மையாரின் கருத்து. அந்நூலும் இந்தியாவிலும் நியூயார்க்கிலும் எரிக்கப்பட்டதுண்டு. ஆனால் அதற்கு மறுப்பாக ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்களும் துண்டுப்பிரசுரங்களும் வெளிவந்தன. லாலா லஜபதி ராய் 1928-ல் ஒரு பெருநூலே எழுதினார். காந்தியாரோ அதனைச் சாக்கடை சோதிப்பவரின் அறிக்கைக்கு ஒப்பிட்டுக் கண்டித்ததோடு, இந்தியர் அதனைப் படித்துப் பயன்பெறலாம் என்றும் சொன்னார். நம் சுயமரியாதைக்காரர்கள் இன்னும் ஒருபடி சென்று, அம்மையார் கூற்றில் மெய் எவ்வளவு என்றே கேட்டனர், கோவை அ. அய்யாமுத்து அதனை ஆராய்ந்து தமிழில் நூல் எழுதினார். பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கிய 1929-ம் ஆண்டுச் சட்டத்திற்கு அவ்விவாதமும் ஒரு துணையாயிற்று.

கிள்ளான் நெருப்புக்கு முன் அக்கேள்வியை எத்தனை பேர் கேட்டோம்? "நாங்கள் எல்லோரும் பறையரல்லர்" என்ற கூக்குரலே எங்கும் கேட்டது. அக்கூக்குரலைக் கேட்டு நின்ற பறையர் குலத்துத் தோழரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! பறை என்னும் இசைக்கருவியோடு சார்த்திச் சொல்லப்படும் அப்பெயரை வசவாக்கியது மலாய்க்காரரா? ஆங்கிலேயர் அச்சொல்லை நம்மிடமே கடன்கொண்டனர். தெருநாய்க்கு அதனைச் சூட்டினர். பிற நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டை ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் "பரையா" நாடு என்றே எழுதுகின்றன. அவற்றை நாள்தோறும் காலையில் தேநீரோடு வாசிக்கும் நமக்கு ஒருநாளும் சினம் வந்ததில்லை.

அப்துல்லா உசேன் 2014-ல் காலமானார். அவருக்குப் பதிலாக, அதே மலாய் மொழியில், அக்கப்பலில் உண்மையாக வந்தவர்களின் கதையை எழுத வல்ல தமிழர் நம்மில் உண்டு. எழுதுவோர் லயத்தின் கதையோடு நிறுத்தாமல், இன்றைய கதையையும் எழுதவேண்டும். ஈப்போவைச் சுற்றிய தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாகிவிட்டன, லயங்கள் இடிந்துபோயின. பெண் கேட்டுச் செல்லும் வீட்டில், தேநீர்க் கோப்பையைக் கையில் தருமுன், "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி மட்டும் இன்னும் தாழ்ந்த குரலில் கேட்கப்படுகிறது.