‘காஸி’யில் இல்லாத விமானிகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவர்களிடம் சண்டையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சண்டையைச் சொல்லமாட்டார்கள். குளிரைச் சொல்வார்கள், ரொட்டியைச் சொல்வார்கள், லீவு கேட்டு அலைந்ததைச் சொல்வார்கள், உத்தரவு வரும்வரை மூட்டையைக் கட்டிக்கொண்டு காத்துக் கிடந்ததைச் சொல்வார்கள். அதனால் எந்தப் போர்ப்படத்தைப் பார்த்தாலும் இரண்டு விஷயங்களைத்தான் நான் முதலில் தேடுவேன்: அதில் காத்திருப்பு இருக்கிறதா, வேலை இருக்கிறதா?

கடற்படை விமானிகளை வைத்து இப்படி எடைபோட நமக்குத் தமிழ்ப்படம் வாய்க்கவில்லை. இத்தனைக்கும் திருச்சுழியிலிருந்து கமுதி வழியாகக் கிழக்கே போனால் ராமநாதபுரத்துக்கு அப்பால் உச்சிப்புளியில் கடற்படையின் ‘ஐ.என்.எஸ். பருந்து’ விமானத்தளம் 2009 முதல் இயங்குகிறது; அரக்கோணத்தில் ‘ராஜாளி’ 1992லேயே வந்துவிட்டது. விஷயத்துக்குப் பக்கத்தில் வரும் படம் என்றால் 2017 பிப்ரவரியில் வெளியான ‘காஸி’தான். தெலுங்கிலும் இந்தியிலும் எடுத்துத் தமிழில் பேசவைத்தார்கள். இயக்குநர் சங்கல்ப் ரெட்டிக்கு அது முதல் படம். ஒளிப்பதிவு மதி, இசை கே; இருவரும் நம் சினிமாவில் பழகிய பெயர்கள்.

1971 போருக்குச் சற்று முன்பு, விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடிக்க பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி வருகிறது. அதை இந்தியாவின் எஸ்-21 வழிமறிக்கிறது. கதை இவ்வளவுதான். டூயட் கிடையாது. படம் இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டி முடிந்துவிடுகிறது.

இதன் பெரிய பலம், நீர்மூழ்கியை ஒரு பட்டறையாகக் காட்டியது. கேப்டன் ஓர் உத்தரவு சொல்கிறார். அடுத்தவர் அதைத் திருப்பிச் சொல்கிறார். இன்னொருவர் வால்வைத் திருகுகிறார். அப்புறம்தான் கப்பல் அசைகிறது. இந்தச் சங்கிலியில் நாயகன் ஒரு கண்ணி, அவ்வளவே. எதிரியை யாரும் பார்ப்பதில்லை. ஹெட்போன் மாட்டியவர் கேட்டுச் சொன்னால்தான் உண்டு. கண்ணிவெடியில் சிக்கிய பிறகு கப்பலால் முன்னும் பின்னும் போக முடியாது, ஏறவும் இறங்கவும் மட்டுமே முடியும் என்ற நிலை வருகிறதே, அங்கே திரைக்கதை கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது. கடற்கரைக்காரர்களுக்கு எப்படியோ, கண்மாயைத் தவிர நீர்ப்பரப்பு அதிகம் பார்த்திராத எங்கள் கரிசல்காட்டு ஆட்களுக்கும் இந்தப் படம் விளங்கியது. அலையும் அடிவானமும் தேவைப்படாத கடல்படம் இது.

முதல் பாதியைத் தூக்கி நிறுத்துவது ஒரு வாக்குவாதம். மகனை இழந்த கேப்டன் ரண்விஜய் சிங்குக்கு (கே கே மேனன்) முந்தி அடிக்கவேண்டும். அவரைக் கண்காணிக்க அனுப்பப்பட்ட அர்ஜுன் வர்மாவுக்கு (ராணா) உத்தரவு வரவேண்டும். நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமாளிக்கும் தேவராஜாக அதுல் குல்கர்ணி. படத்திலேயே நிஜமான அதிகாரி போலத் தெரிபவர் அவர்தான். உத்தரவுக்குக் காத்திருப்பதா, கண்ணால் கண்டதை வைத்து முடிவெடுப்பதா என்பது ராணுவம் உள்ள எந்த நாட்டுக்கும் பொதுவான கேள்வி. ஆனால் கேப்டன் இறந்ததும் அந்தக் கேள்வியையும் அவரோடு சேர்த்துப் புதைத்துவிடுகிறார்கள். அர்ஜுன் அவர் வழிக்கு வந்துவிடுகிறார். அப்படி வந்ததற்கு அவர் எந்த விலையும் கொடுக்கவில்லை.

பிற்பாதியில் சறுக்கல் அதிகம். அகதியாக ஏற்றிக்கொள்ளப்படும் டாக்டர் டாப்ஸிக்கு, பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிரப் பெரிதாக வேலை இல்லை. காஸியின் கேப்டன் பல்லைக் கடிக்கிறார், மேலும் கடிக்கிறார். சத்தமே எமன் என்று ஒரு மணி நேரம் நமக்குப் பாடம் நடத்திய படம், கடைசியில் எதிரியைச் சீண்டுவதற்காக எல்லோரையும் தேசியகீதம் பாடவைக்கிறது. தந்திரமாகப் பார்த்தால் ஒருவேளை ஒப்புக்கொள்ளலாம். கைதட்டலுக்கு வைத்த காட்சி என்பதுதான் பச்சையாகத் தெரிகிறது. தியேட்டர்களில் படத்துக்கு முன் தேசியகீதம் கட்டாயமாக இருந்த காலம் வேறு. படத்துக்குள் கீதம் வந்தால் எழுந்து நிற்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் விளக்கம் சொன்னது 2017 பிப்ரவரி 14. படம் வந்தது பிப்ரவரி 17.

இதெல்லாம் கைத்திறன் சார்ந்த குறை. எனக்குப் பெரிய மனத்தாங்கல் வரலாற்றில்தான். காஸி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே 1971 டிசம்பர் 3-4 நள்ளிரவு வாக்கில் மூழ்கியது உண்மை. ஆனால் எந்த இந்திய நீர்மூழ்கியும் அதோடு மோதவில்லை. ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற இரண்டாம் உலகப்போர்க் காலத்து நாசகாரிக் கப்பல் வீசிய ஆழ்கடல் குண்டுகளால் மூழ்கியது என்பது இந்தியத் தரப்பு. உள்ளே நடந்த வெடிப்பு அல்லது அதுவே வைத்த கண்ணிவெடி என்பது பாகிஸ்தான் தரப்பு. படத்தின் தொடக்கத்தில் ‘கற்பனை’ என்று அட்டை போட்டிருக்கிறார்கள், சரி. கப்பல்களின் பெயரை மட்டும் நிஜமாக வைத்துக்கொண்டால் பார்ப்பவர் எதை நம்புவார்?

நிஜமாக நடந்தது இதைவிட நல்ல கதை என்பதுதான் வயிற்றெரிச்சல். கிழக்குக் கடற்படைத் தளபதி நீலகண்ட கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்துக்கு அருகில் இருப்பதாகக் காஸியை நம்பவைக்கப் பார்த்தார். அந்தப் பழைய ராஜ்புத்தையே கடலுக்கு அனுப்பி, விக்ராந்த் பேசுவதுபோல வயர்லெஸ்ஸில் பேசவைத்தார். பெரிய கப்பல் வருகிறது என்று ஊர் நம்பும்படி மளிகை, காய்கறிக்கு ஏகப்பட்ட ஆர்டர் போடவைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தந்தி: விக்ராந்தின் மாலுமி ஒருவர், உடம்பு முடியாமல் கிடக்கும் தன் தாயைப் பற்றி விசாரிப்பதுபோல, ரகசியக் குறியீடு எதுவும் இல்லாமல், எதிரி ஒட்டுக்கேட்கட்டும் என்றே அனுப்பப்பட்டது. ‘தாய்க்கு சீரியஸ், உடனே புறப்படு’ என்ற தந்தியை எங்கள் பக்கம் பட்டாளத்தான் வீடு எதுவும் மறந்திருக்காது. லீவு வாங்குவதற்காகப் பொய்யாகக் கொடுத்ததும் உண்டு, நிஜமாகக் கொடுத்து மகன் வந்து சேராமல் போனதும் உண்டு. இப்படி ஒரு காட்சி சும்மா கிடைக்கும்போது அதை விட்டுவிட்டு வசனம் எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் விமானிகள். படத்தில் விக்ராந்த் வெறும் இரை. நிஜத்தில் டிசம்பர் 4ஆம் தேதியே அதன் தளத்திலிருந்து எழும்பிய சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. சிட்டகாங், குல்னா என்று தாக்குதல் தொடர்ந்தது. 300ஆம் படைப்பிரிவின் தலைவர் சந்தோஷ் குமார் குப்தாவுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. கப்பலின் கொதிகலன் ஒன்றில் விரிசல். அதனால் வேகத்தை 16 நாட் அளவில் நிறுத்தவேண்டியிருந்தது. காற்றை எதிர்த்துக் கப்பல் வேகமாக ஓடினால்தான் அந்தக் குட்டையான தளத்திலிருந்து விமானம் எழும்பும். ஆக, மேலே பறப்பவரின் உயிர் கீழே கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் கையில். திரும்பி வரும்போது ஆடும் தளத்தில் குறுக்கே கட்டிய வடத்தில் கொக்கி மாட்டவேண்டும். மாட்டாவிட்டால் மறுபடி எழும்பி ஒரு சுற்று, எரிபொருள் இருந்தால். ‘காஸி’யை நன்றாக எடுத்த அதே கை இதையும் எடுத்திருக்கும்.

விமானியை வைத்து மணிரத்னம் எடுத்த ‘காற்று வெளியிடை’யும் அதே 2017தான். கார்த்தியின் விமானி கார்கில் போரில் சிக்கி ராவல்பிண்டி சிறைக்குப் போகிறான். ரவிவர்மனின் ஒளிப்பதிவில் பனி அழகாக இருக்கிறது. காதலியை அவன் நடத்தும் விதத்தைப் பூசி மெழுகாமல் காட்டியதும் துணிச்சல்தான். ஆனால் அவன் பறப்பதை வேலையாக நாம் ஓரிடத்திலும் உணர்வதில்லை; அவனுடைய திமிருக்கு அது ஒரு சீருடை. 1972இல் ராவல்பிண்டி முகாமிலிருந்து மூன்று இந்திய விமானிகள் சுவரைத் துளைத்துத் தப்பிய கதைதான் இதற்குத் தூண்டுதல். சந்தேகம் வராமல் நாள்கணக்கில் துளைத்ததில் இருந்த பொறுமையை, காதல் நினைவுகளுக்கு இடையில் அவசரமாக ஓட்டிவிட்டார்கள்.

அமெரிக்கக் கடற்படை விமானிகளைப் பற்றிய ‘டாப் கன்: மேவரிக்’ (2022) நடிகர்களை நிஜமான போர்விமானங்களின் பின்னிருக்கையில் உட்காரவைத்துப் பறக்கவிட்டது. முகம் இழுபடுவது நடிப்பல்ல. எதிரி எந்த நாடு என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சில கேள்விகள் வந்திருக்கும்.

அத்தகைய வசதி நமக்கு இல்லை என்று சொல்வார்கள். விக்ராந்தையே 2014இல் உடைக்கக் கொடுத்துவிட்டோம். அதன் இரும்பைச் சேர்த்ததாகச் சொல்லி 2016இல் வந்த பஜாஜ் வி15 பைக் எங்கள் ஊர் ரோடுகளிலும் ஓடியது. ஆனால் ‘காஸி’க்காரர்கள் பெரும்பகுதியை செட் போட்டே எடுத்து முடித்தார்கள். கொதிகலன் அறையையும் கப்பல் தளத்தில் ஒரு துண்டையும் அதே மாதிரி போட்டுக்கொள்ளலாம். பறக்கும் காட்சிகளுக்கு கிராஃபிக்ஸ் இருக்கிறது. தந்திக் காட்சிக்கு ஒரு தபால் ஆபீஸ் கவுண்டர் போதும்.