வீட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஊர் சுற்றப் போனோம்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டிரெய்லர் கட்சி. நடுநிலையான கட்டுரை வேண்டும் என்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். மோட்டார்ஹோம் எடுக்கலாமா, டிரெய்லர் எடுக்கலாமா என்று யாராவது தெரியாத்தனமாக என்னிடம் கேட்டுவிட்டால் அவர் கையிலிருக்கும் காபி ஆறிப்போகும்வரை விடமாட்டேன். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே என் மனைவி எழுந்து துணி மடிக்கப் போய்விடுகிறாள்.

நம்மூர் ஷூட்டிங்கில் ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருப்பாரே ஒரு கேரவன், அதைக் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்கென்றே செய்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் அது இரண்டு விதமாகக் கிடைக்கிறது. எஞ்சினும் ஸ்டியரிங்கும் வீட்டோடு சேர்ந்தே இருந்தால் மோட்டார்ஹோம். எஞ்சினே இல்லாத வீட்டைப் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போனால் டிரெய்லர். இரண்டிலுமே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கக்கூஸ் எல்லாம் உண்டு.

மோட்டார்ஹோமைத் திட்ட எனக்கு வாய் வராது. நான் முதலில் மயங்கியது அதில்தான். வாடகைக்கு எடுத்த கிளாஸ் சி வண்டி. டிரைவர் தலைக்கு மேலே பரண் மாதிரி துருத்திக்கொண்டு ஒரு படுக்கை, சாவி கைக்கு வந்த நிமிடமே என் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். மழை கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருட்டிவிட்டது. முகாமுக்குள் வந்து வண்டியை நிறுத்துகிறீர்கள், எஞ்சினை அணைக்கிறீர்கள், சீட்டிலிருந்து எழுந்து நாலு எட்டு பின்னால் வைத்தால் அடுப்படி! மேலே ஒரு சொட்டு மழை படாமல் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருக்கிறது! நான் சும்மாவே முன்னாலும் பின்னாலும் நடந்து நடந்து பார்த்தேன். "என்னங்க, வாக்கிங்கா?" என்று மனைவி கேட்ட பிறகுதான் உட்கார்ந்தேன்.

காலையில் பால் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போக வேண்டும் என்றால் கட்டிலையும் கக்கூஸையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்! பாத்திரத்தையெல்லாம் அலமாரிக்குள் அடைத்து, கரன்ட் வயரைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயைக் கழற்றி, தூங்குகிற பிள்ளையை எழுப்பி பெல்ட் போட்டு உட்காரவைத்து, எல்லாம் ஒரு கேன் பாலுக்காக. இந்தத் தொல்லைக்காகவே பலர் மோட்டார்ஹோமுக்குப் பின்னால் ஒரு ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். இழுக்கிற வேலையே வேண்டாம் என்றுதானே ஐயா மோட்டார்ஹோம் வாங்கினீர்கள்?

அப்படித்தான் டிரெய்லர் பக்கம் சாய்ந்தேன், சாய்ந்தவன் இன்னும் நிமிரவில்லை. எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, ஆயில் மாற்றுகிற வேலை இல்லை. டயர், பேரிங், பிரேக் மூன்றையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் போதும். மோட்டார்ஹோம் படுத்துக்கொண்டால் வீடே மெக்கானிக் ஷெட்டுக்குப் போகும். இங்கே பிக்கப் படுத்தாலும் வீடு வீடாகவே இருக்கும். கணக்கு ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பக்கம், அதாவது பிக்கப்பின் கொக்கிமேல் இறங்க வேண்டும். 5,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 500 முதல் 750 பவுண்டு. அதற்குக் குறைந்தால் வால் ஆட்டும், கூடினால் பிக்கப்பின் முதுகை அமுக்கும். காற்றடித்தால் கொஞ்சம் ஆடும்தான். கலிஃபோர்னியாவில் எதை இழுத்துக்கொண்டு போனாலும் 55 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாதுதான். பெட்ரோல் செலவா? நல்ல விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போது அது எதற்கு? 1969-இல் நிலாவுக்குப் போய்த் திரும்பிய அப்பல்லோ 11 வீரர்கள் மூன்று பேரையும் நிலாக் கிருமி ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்ற பயத்தில் கப்பலில் எதற்குள் அடைத்து வைத்தார்கள் தெரியுமா? மாற்றியமைத்த ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி டிரெய்லருக்குள்! அதன் ஜன்னல் வழியாகத்தான் அதிபர் நிக்சன் அவர்களோடு பேசினார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஏதோ நானே நிலாவுக்குப் போய்வந்த பெருமை.

இப்போது என்னோடு மொன்டானாவுக்கு வாருங்கள். கிளேசியர் தேசியப் பூங்கா, ஜூலை மாதம், மெக்டொனால்ட் ஏரியை ஒட்டிய அப்கர் முகாம். தண்ணீருக்குள் சிவப்பும் பச்சையுமாகக் கூழாங்கற்கள் மின்னுகின்றன. அந்த அழகைப் பார்க்க எனக்கு எங்கே நேரம், நான் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறேன்! திருவாரூர்த் தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற மாதிரி வேலை அது. அங்குலம் அங்குலமாகத்தான் நகரும், ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரின் பின்பக்கமும் அந்தப் பக்கம் போகும், இவ்வளவுதான் சூத்திரம். பின்னால் நின்று மனைவி கத்துகிறாள், "ஏங்க, வலது பக்கம்! உங்க வலது இல்லங்க, என் வலது!" எதிரே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் தாத்தாவும் பாட்டியும் வண்டி உள்ளே போய் நின்றதும் கை தட்டினார்கள். நான் கீழே இறங்கி, வெட்கமே இல்லாமல், கும்பிடு போட்டேன்.

அடுத்து வருவதுதான் எனக்கு உயிர். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தாயிற்று. எடையைச் சமன் செய்யும் இரண்டு கம்பிகளையும் கழற்றுகிறேன், பாதுகாப்புச் சங்கிலிகளை எடுக்கிறேன், லைட்டுக்கும் பிரேக்குக்கும் கரன்ட் கொண்டுபோகும் ஏழு முனை பிளக்கைப் பிடுங்குகிறேன், கொக்கியின் பூட்டைத் திறந்துவிட்டு ஜாக்கின் பட்டனை அமுக்குகிறேன். 'ர்ர்ர்' என்று உறுமிக்கொண்டே டிரெய்லரின் மூக்கு மேலே எழும்புகிறது. கிரீஸ் அப்பிய இரும்பு உருண்டை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிகிறது. 'டொக்'! அத்தனை நேரம் அமுங்கிக் கிடந்த பிக்கப்பின் பின்பக்கம் ஒரு துள்ளுத் துள்ளி நிமிர்கிறது பாருங்கள், என் முதுகே நிமிர்ந்த மாதிரி இருக்கும் எனக்கு!

வீடு அங்கே, நாங்கள் எங்கும்! கிளேசியரில் கோயிங்-டு-த-சன் என்று ஒரு மலைச்சாலை இருக்கிறது, கிட்டத்தட்ட 50 மைல். அதன் நடுப்பகுதியில், அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையில், 21 அடிக்கு மேல் நீளமான வண்டியையோ 8 அடிக்கு மேல் அகலமான வண்டியையோ விடமாட்டார்கள். எங்களோடு வந்த கல்லூரி நண்பனுடைய மோட்டார்ஹோம் 28 அடி. "மச்சான், உன் வண்டியில ஒரு ஓரமா எங்களையும் ஏத்திக்கடா" என்று அவன் கெஞ்சினான் பாருங்கள், அந்த நிமிடம் எனக்குள் பொங்கிய அற்ப சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன், டிரெய்லருக்காக மாட்டியிருந்த அகலக் கண்ணாடிகளைக் கழற்றி வைத்துவிட்டு, அவனையும் அவன் மனைவியையும் என் மகளோடு பின்சீட்டில் திணித்துக்கொண்டு கிளம்பினோம், ஏரி தாண்டி, காடு தாண்டி, 'லூப்' என்கிற ஒரே கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பியதும் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நிற்க ஆரம்பித்தன, வலது பக்கம் தாழ்வான கல்சுவர், அதற்கு அந்தப் பக்கம் பாதாளம், என் மனைவி கைப்பிடியை விடவும் இல்லை, பார்ப்பதை நிறுத்தவும் இல்லை, சிவப்பு நிறத்தில் 1930-களின் பழைய திறந்த பஸ் ஒன்று எதிரே வர, அதிலிருந்தவர்கள் கையசைக்க, நாங்கள் ஐந்து பேரும் பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகளாகக் கத்த, 6,646 அடி உயரத்தில் லோகன் பாஸில் இறங்கினால் ஜூலையில் பனி, ஐயா, காலடியில் பனி, வெள்ளை வெளேரென்று மலையாடுகள் எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மேய்ந்துகொண்டிருக்கின்றன, திரும்பி இறங்கும்போது பாறைச்சுவரை உரசுகிற பக்கம் எங்கள் பக்கம், 'அழும் சுவர்' என்று ஓரிடம், பாறை முழுக்க நீர் வழிந்து சாலையில் தெறிக்கிறது, "அப்பா, மெதுவா, மெதுவா!" என்று மகள் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டி, அள்ளிய தண்ணீரை அப்படியே என் பிடரியில் அடித்தாள், பனி உருகிய தண்ணீர், உச்சி முதல் உள்ளங்கால் வரை சிலிர்த்துப்போய் நான் போட்ட கூச்சலில் பின்னால் வந்த கார்க்காரர் ஹார்ன் அடித்தார், அடிக்கட்டும்!

சாயங்காலம் முகாமுக்குத் திரும்பினால் வீடு விட்ட இடத்திலேயே காத்திருக்கிறது. போர்வைகூட மடிக்கவில்லை! கேஸ் அடுப்பில் மிளகு ரசம் கொதிக்க, அந்த வாசனையை நாலு சுவருக்குள் பூட்டி வைத்துக்கொண்டு சாப்பிட்டோம், ஏனென்றால் அது கரடிகள் நடமாடும் காடு. அரிசி மூட்டையிலிருந்து பற்பசை வரை எதையும் வெளியே விட்டுவைக்கக் கூடாது. கூடாரம் போட்டவர்கள் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒவ்வொன்றாகக் காருக்குள் தூக்கிக்கொண்டிருக்க, நான் கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான். அங்கே கரன்ட், தண்ணீர் இணைப்பு கிடையாது என்பதால் பேட்டரி வெளிச்சமும் காக்கா குளியலும்தான். இருக்கட்டுமே!

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், தினம் ஓர் ஊர், ராத்திரிக்கு மட்டும் தங்கல் என்று ஓடுகிறவர்களுக்கு மோட்டார்ஹோம் சரி. ஓரிடத்தில் இறங்கி நாலு திசையும் அலைய ஆசைப்படுகிறவர்களுக்கு டிரெய்லர், டிரெய்லர், டிரெய்லர்! வாங்குமுன் இரண்டையும் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். கிளேசியரில் முகாம் இடத்தை மாதக்கணக்கில் முன்னாலேயே பதிவு செய்துவிடுங்கள், தாமதித்தால் கிடைக்காது. ரிவர்ஸ் எடுக்க வரவில்லையா, என்னைக் கூப்பிடுங்கள், பின்னால் நின்று வலது இடது சொல்கிறேன். கூப்பிடாவிட்டாலும் நாற்காலியோடு வந்து எதிரே உட்கார்ந்துவிடுவேன், கை தட்டுவதற்கு ஆள் வேண்டாமா?