நித்திய இளைப்பாற்றி: பியூரிட்டன் பக்தி நூல்களை நாம் வாசிப்பது ஏன்?

'நித்திய இளைப்பாற்றி' என்னும் சொற்கள் செவியில் விழுந்தவுடன் இறந்தோரே நம் நினைவுக்கு வருகின்றனர். அடக்கத் திருப்பலியிலும் நவம்பர் மாதத்துக் கல்லறை மந்திரிப்பிலும் நாம் அச்சொற்களை உருக்கத்தோடு உச்சரிக்கின்றோம். வீடு திரும்பியதும் மறந்துவிடுகின்றோம். அந்த இளைப்பாற்றி நமக்கும் வாக்களிக்கப்பட்டது, உயிரோடிருக்கும்போதே நாள்தோறும் எண்ணிப்பார்க்க வேண்டியது என்னும் உணர்வு நம்மில் பலருக்கு எழுவதில்லை.

ஏறத்தாழ இதே பெயரைத் தாங்கிய ஆங்கில நூல் ஒன்று 1650-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'புனிதர்களின் நித்திய இளைப்பாற்றி' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். முற்றிலும் உயிரோடிருப்போருக்காக எழுதப்பட்ட நூல் அது. ஆசிரியர் ரிச்சர்டு பாக்ஸ்டர் (1615–1691), பியூரிட்டன் மரபைச் சேர்ந்த போதகர்.

பியூரிட்டன்கள் என்போர் யார்? இங்கிலாந்துத் திருச்சபை உரோமையிலிருந்து பிரிந்த பின்னரும், அதன் சீர்திருத்தம் போதாது, கத்தோலிக்க வழிபாட்டின் எச்சங்கள் யாவும் களையப்பட வேண்டும் என்று வாதாடியவர்கள். குருக்களின் திருவழிபாட்டு உடை, திருமுழுக்கில் வரையும் சிலுவை அடையாளம், முழந்தாளிட்டு நற்கருணை வாங்குதல் ஆகியவற்றைக்கூட அவர்களுள் பலர் ஏற்கவில்லை. அவ்வாறிருக்க, நம் மரபைத் தம் வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்களின் நூல்களை நாம் ஏன் வாசிக்க வேண்டும்? இக்கேள்வி நியாயமானதே. இதற்கான முதல் விடையை அந்நூல்களின் வரலாறே தருகின்றது.

கிழிந்த நூல் ஒன்றின் பயணம்

1580-ஆம் ஆண்டில் இயேசு சபைக் குருக்களான எட்மண்ட் கேம்பியனும் இராபர்ட் பெர்சன்சும் மறைவாக இங்கிலாந்தில் நுழைந்தனர். கத்தோலிக்கக் குருவாக அந்நாட்டில் காலடி வைப்பதே உயிருக்கு ஆபத்தான காலம் அது. கேம்பியன் பிடிபட்டு, 1581 டிசம்பர் முதல் நாள் இலண்டன் டைபர்ன் திடலில் கொல்லப்பட்டார். 1970-இல் புனிதர் பட்டம் பெற்றார். பெர்சன்ஸ் பிரான்சு நாட்டுக்குத் தப்பினார். அங்கே, உரூவான் நகரில், 1582-இல் ஆங்கிலத்தில் ஒரு பக்தி நூலை அச்சிட்டார். மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான், கடவுளுக்குப் பணிசெய்ய உறுதி பூணாமல் அவன் தயங்குவது ஏன் என்பனவே அதன் பொருள். புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளின் ஆவி அதில் இழையோடுவதை உணரலாம்.

இரண்டே ஆண்டுகளில் ஒரு விந்தை நிகழ்ந்தது. எட்மண்ட் பன்னி என்னும் சீர்திருத்தச் சபைப் போதகர் அந்நூலை எடுத்து, தம் கொள்கைக்கு ஒவ்வாத பகுதிகளை நீக்கியும் திருத்தியும் 1584-இல் வெளியிட்டார். பெர்சன்ஸ் இதைக் கடுமையாகக் கண்டித்தார். ஆயினும் பன்னியின் பதிப்பு மீண்டும் மீண்டும் அச்சேறி, மூலநூலைவிடப் பெரிதும் பரவியது.

அடுத்த தலைமுறையில், ஷ்ராப்ஷயர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஏழைக் கூலித் தொழிலாளி ஒருவர் தம்மிடமிருந்த பழைய, கிழிந்த நூல் ஒன்றை அண்டை வீட்டாருக்கு இரவல் கொடுத்தார். அது பன்னியின் பதிப்பு. அவ்வீட்டுச் சிறுவனுக்கு அப்போது வயது ஏறத்தாழப் பதினைந்து. அதைப் படித்தபோதுதான் தன் ஆன்மா விழித்தெழுந்தது என்று அவன் பின்னாளில் எழுதிவைத்தான். அந்நூலை முதலில் எழுதியவர் ஓர் இயேசு சபைக் குரு என்பதையும் அவன் மறைக்கவில்லை. அச்சிறுவனே ரிச்சர்டு பாக்ஸ்டர்.

நாடு கடந்து வாழ்ந்த குரு ஒருவரின் சொற்கள், எதிரணியினரின் கையில் திருத்தப்பட்டு, ஏழை ஒருவரின் கையால் பியூரிட்டன் ஆன்மீகத்தின் தலைசிறந்த எழுத்தாளர் ஒருவரைத் தட்டி எழுப்பின. தூக்குமரங்கள் நின்ற நாட்டில் கிழிந்த நூல் ஒன்று வேலி தாண்டியது. ஆகவே, பாக்ஸ்டரைத் திறக்கும் கத்தோலிக்கர் முற்றிலும் அன்னியமான வீட்டினுள் நுழையவில்லை. தம் வீட்டு விதை பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்திருப்பதைக் காணச் செல்கின்றார்.

நோய்ப்படுக்கையில் பிறந்த நூல்

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் பாக்ஸ்டர் பாராளுமன்றப் படையின் போதகராகப் பணியாற்றினார். 1647-இல் கடுமையான குருதிப்போக்கினால் வீழ்ந்தார். பிழைக்கமாட்டோம் என்றே எண்ணினார். தம் வீட்டையும் நூல்களையும் விட்டுத் தொலைவில், பிறர் வீட்டில் படுத்திருந்த அவர், திருவிவிலியத்தைத் துணைக்கொண்டு, எபிரேயர் திருமுகம் நான்காம் அதிகாரம் கடவுளின் மக்களுக்கென வாக்களிக்கும் ஓய்வைப் பற்றித் தமக்காகவே எழுதத் தொடங்கினார். தம் அடக்கத்துக்கு உரிய மறையுரையைத் தாமே எழுதினார் எனலாம். இறப்பு வரவில்லை, எழுத்து வளர்ந்து நான்கு பாகங்கள் கொண்ட பெருநூலாயிற்று.

பாம்பலோனாக் கோட்டையில் காலில் காயமுற்று, லொயோலா மாளிகையில் கிடந்த இஞ்ஞாசியாருக்கு 1521-இல் கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளுமே துணையாயின என்பதை நாம் அறிவோம். அவரை நோய்ப்படுக்கை வாசிக்க வைத்தது. பாக்ஸ்டரை எழுத வைத்தது. இரு எழுத்துகளிலும் ஒரே அவசரம் தெரிகின்றது. இறக்கப்போகும் மனிதன் சொல்லலங்காரத்தில் நேரம் போக்குவதில்லை. பாக்ஸ்டரின் சிறந்த பக்கங்களுக்கு வலிமை தருவது இதுவே.

தன் ஆன்மாவுக்குத் தானே போதித்தல்

நூலின் உயிர் நான்காம் பாகத்தில் உள்ளது. அது தியானத்தைப் பற்றியது. விண்ணகத்தைப் பற்றி அறிவது வேறு, அதைச் சுவைப்பது வேறு என்பது பாக்ஸ்டரின் அடிப்படை. அறிவில் கிடக்கும் உண்மை இதயத்துக்கு இறங்கும் வழி எது? தியானமே என்கிறார். அதற்கென நேரம் குறிக்க வேண்டும். தனிமையான இடம் தேட வேண்டும். ஓர் உண்மையை எடுத்து ஆராய வேண்டும். அன்பு, ஆவல், நம்பிக்கை, மகிழ்ச்சி ஆகிய உணர்வுகளை ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும்.

அதன்பின் அவர் கூறுவதே மிகவும் சிறப்பானது. போதகர் ஒருவர் மக்களுக்கு மறையுரையாற்றுவது போல, ஒவ்வொருவரும் தம் ஆன்மாவுக்குத் தாமே மறையுரையாற்ற வேண்டும். உண்மையை விளக்கி, ஐயத்தைத் தீர்த்து, சோம்பலைக் கடிந்து, தளர்ச்சியைத் தேற்றி, தன்னோடு தான் வாதாட வேண்டும். அந்த உரையாடல் முதிர்ந்து கடவுளோடு பேசும் செபமாக மாற வேண்டும். இதைப் படிக்கும்போது நம் திருப்பாடல்கள் பல நினைவில் எழும். கலங்கும் தன் உயிரைப் பார்த்துக் கேள்வி கேட்கும் திருப்பாடலாசிரியரும் இதைத்தானே செய்தார்!

புலன்களைப் பற்றியும் பாக்ஸ்டர் துணிவோடு பேசுகின்றார். உணவின் சுவை, நண்பரின் உறவு, இயற்கையின் அழகு ஆகியவை தரும் இன்பத்தை முதலில் எண்ணி, அதிலிருந்து விண்ணக இன்பத்தை அளந்துபார்க்கச் சொல்கின்றார். ஆலயத்தில் படங்களை ஏற்காத அவர், மனத்துக்குள் உயிரோட்டமுள்ள படங்களைத் தீட்டிக்கொள்ளத் தயங்க வேண்டாம் என்கிறார். இஞ்ஞாசியார் கற்பித்த புலன்வழித் தியானத்துக்கு இது எவ்வளவு நெருங்கி நிற்கின்றது! பாக்ஸ்டரின் தியானமுறைக்கும் கத்தோலிக்கத் தியான மரபுக்கும் உள்ள உறவை, அமெரிக்க அறிஞர் லூயிஸ் மார்ட்ஸ் 1954-இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்.

இப்போதனை துறவிகளுக்கு மட்டும் உரியதன்று. பாக்ஸ்டர் பணியாற்றிய கிடர்மின்ஸ்டர் நெசவாளர்களின் ஊர். தறியில் நின்று நெய்துகொண்டே, எதிரே நூலை விரித்துவைத்து அவர்கள் வாசித்ததை அவரே பதிவு செய்துள்ளார். தம் நூல்களை அங்கிருந்த ஏறத்தாழ 800 குடும்பங்களுக்கும் இலவசமாக வழங்கினார். பொதுநிலையினரின் கையில், உழைப்பின் நடுவில், ஆன்மீக நூல் இருக்க வேண்டும் என்பதை அவர் செயலில் காட்டினார். இல்லத் திருச்சபை, பொதுநிலையினரின் தூய்மை நிலைக்கான அழைப்பு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நாம் அடிக்கடி பேசுகின்றோம். நம் இல்லங்களில் ஆன்மீக நூல் எங்கே இருக்கின்றது? பலவற்றில் திருவிவிலியமே கண்ணாடிப் பேழைக்குள் பத்திரமாக உறங்குகின்றது.

குறைகளும் அவை கற்பிப்பவையும்

போற்றுவதோடு நிறுத்திக்கொள்வது திறனாய்வு ஆகாது. பாக்ஸ்டரின் நூல் மிக நீண்டது. ஒரு காரணம் போதுமான இடத்தில் பத்தை அடுக்குகின்றது. உரோமைத் திருச்சபையைக் குறித்த அவரது சொற்களில் அக்காலத்துக் கசப்பு உண்டு. நற்கருணைப் பேழையின் முன் அமரும் அமைதியோ, அன்னை மரியாவின் கரம் பற்றும் குழந்தைமையோ அங்கு இல்லை.

இவற்றினும் ஆழமான குறை ஒன்று உண்டு. அதைக் காண ஜான் பனியனிடம் (1628–1688) செல்ல வேண்டும். பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளியான இவர், உரிமமின்றிப் போதித்த குற்றத்துக்காகப் பெட்ஃபோர்டு சிறையில் 12 ஆண்டுகள் கிடந்தவர். 1678-இல் இவர் வெளியிட்ட கதையே தமிழில் 'மோட்சப் பிரயாணம்' எனப் பெயர்பெற்றது. அதைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) என்னும் காப்பியத்தைப் பாடினார். ஆனால் 1666-இல் வெளிவந்த பனியனின் தன்வரலாறு வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. கடவுள் தம்மைத் தேர்ந்துகொண்டாரா, தள்ளிவிட்டாரா என்னும் அச்சம் அவரை நீண்ட காலம் வதைத்தது. தம் பாவம் மன்னிப்புக்கு அப்பாற்பட்டதோ என்று இரவும் பகலும் துடித்தார்.

அத்துயரத்தின் காரணத்தை ஒரு கத்தோலிக்க வாசகர் எளிதில் உணர்வார். அங்கே குற்றவாளியும், குற்றம் சாட்டுபவரும், தீர்ப்பு வழங்குபவரும் ஒருவரே. வெளியிலிருந்து வரும் குரல், கிறிஸ்துவின் பெயரால் பாவமன்னிப்பை உரைக்கும் குருவின் குரல், அங்கில்லை. ஒப்புரவு அருட்சாதனம் எத்தகைய கொடை என்பதை அறிய, அது இல்லாத ஆன்மாவின் தவிப்பைப் படிப்பது நல்லது.

ஆனால் அதே பக்கம் நம்மையும் குற்றம் சாட்டுகின்றது. ஒப்புரவு மேடை இல்லாத அம்மனிதர் தம் உள்ளத்தை இஞ்ச் இஞ்ச்சாகத் துருவினார். அது இருக்கும் நாமோ, பெரும்பாலும் சிறுவயதில் மனப்பாடம் செய்த பட்டியலோடு வரிசையில் நிற்கின்றோம். ஆன்ம சோதனை என்னும் சொல் நம்முடையது. அதன் உழைப்பை அவர்களிடம் காண்கின்றோம். மருந்து நம்மிடம் இருக்கின்றது. நோயறியும் கூர்மையை அவர்களிடம் கற்கலாம்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். புனிதர்களை நோக்கி மன்றாடுவதைப் பாக்ஸ்டரின் மரபு விலக்கியது. ஆயினும் அவர் வருணிக்கும் விண்ணகம் வெறுமையாக இல்லை. குலமுதுவர்கள், திருத்தூதர்கள், திருச்சபைத் தந்தையர், தம் காலத்தவர் எனப் பலரையும் அங்கே சந்திக்கப்போகும் மகிழ்ச்சியில் அவர் திளைக்கின்றார். நம் முன்னோர் விசுவாசப் பிரமாணத்தில் சொன்ன 'அர்ச்சிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனம்' அங்கே முன்வாசலில் தடுக்கப்பட்டுப் பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது.

எப்படி வாசிப்பது?

பிரிந்த சகோதரரிடம் காணப்படும் உண்மையான கிறிஸ்தவச் செல்வங்கள் பொதுவான மரபுரிமையிலிருந்து வந்தவை என்றும், அவற்றைக் கத்தோலிக்கர் மகிழ்வோடு மதித்து ஏற்க வேண்டும் என்றும் 1964-இல் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு கற்பித்தது. இதற்குச் சான்றாக நிற்பவர் புனித ஜான் ஹென்றி நியூமன். 1816-இல், பதினைந்து வயதில், தம்முள் நிகழ்ந்த பெரும் மாற்றத்துக்குக் கால்வினின் வழிவந்த நூல்களே கருவியாயின என்று அவர் தம் தன்வரலாற்றில் (1864) எழுதினார். அம்மரபைச் சேர்ந்த தாமஸ் ஸ்காட் என்னும் எழுத்தாளருக்குத் தம் ஆன்மாவே கடன்பட்டுள்ளது என்னும் அளவுக்கு நன்றி கூறினார். 1845-இல் கத்தோலிக்கரான அவரைத் திருச்சபை 2019-இல் புனிதராக உயர்த்தியது. இயேசு சபைக் குருவின் நூல் பதினைந்து வயதுப் பியூரிட்டன் ஒருவரை எழுப்பிற்று. கால்வினியரின் நூல்கள் பதினைந்து வயதுக் கத்தோலிக்கப் புனிதர் ஒருவரை எழுப்பின. கடன் இருபுறமும் உண்டு.

ஆகவே, அச்சமின்றியும் விழிப்போடும் வாசிப்போம். மறைக்கல்வியில் உறுதியில்லாதவர் முதலில் 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' போன்ற நம் நூல்களில் வேரூன்றட்டும். பிறகு பாக்ஸ்டரின் சுருக்கப் பதிப்பு ஒன்றை எடுத்து, ஒரு நாளுக்கு இரண்டு மூன்று பக்கங்கள் மட்டும், செபத்துக்கு முன் வாசிக்கட்டும். திருச்சபையைத் தாக்கும் வரிகளில் நின்று சண்டையிட வேண்டாம். ஆன்மாவைத் தாக்கும் வரிகளைத் தாண்டி ஓடவும் வேண்டாம். பக்கத்தை மூடியபின் தன்னோடு தான் பேசும் அச்சிறு பயிற்சியைச் செய்து பார்க்கட்டும். 'நித்திய இளைப்பாற்றி' என்று அடுத்த முறை கல்லறையில் நாம் சொல்லும்போது, இறந்தோருக்காக மன்றாடும் அதே வாய் நம் ஆன்மாவுக்கும் ஒரு சொல் சொல்லும்.