மோட்டார் ரிப்பேர் கூலி: நியாயம் பார்க்கும் வழிகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வீடுகளில் மோட்டார் நின்றுபோனால் ஆகும் செலவில் ஆள் கூலி, சாமான் விலை, காயில் கட்டும் செலவு என்று மூன்று இருக்கும். சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு நீர் ஏற்றும் சிறிய மோட்டாருக்கு இவற்றோடு சரி. போருக்குள் தொங்கும் சப்மெர்சிபிள் என்றால் ஏற்றி இறக்கும் கூலி நான்காவதாகச் சேரும். கேட்கப்படும் தொகையில் இந்த நான்கும் பிரிந்து வருவது அபூர்வம். ‘மொத்தம் ஏழாயிரம் ஆகும் அண்ணாச்சி, பாத்துக் குடுங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வீட்டுக்காரர் ஆறாயிரத்துக்கு இறக்கப் பார்ப்பார், ஆறரையில் படியும். நெடுநாளாக ஓடும் இந்த மொத்தக் கூலி முறையை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது, நியாயமானது என்று ஒப்புக்கொள்ளவும் முடியாது.

வேலை செய்த நேரத்தை வைத்துக் கூலியை அளப்பதுதான் வீடுகளில் பரவலான வழக்கம். பத்து நிமிட வேலைக்கு ஐந்நூறு ரூபாயா என்ற கேள்வி அதிலிருந்து வருகிறது. அளவுகோல்களில் மிக மோசமானது இதுதான். மோட்டார் ‘உம்’ என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நிற்கிறது. பின்புற விசிறியை ஒரு குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்குகிறது. காயில் நன்றாகத்தான் இருக்கிறது, கண்டன்சர் செத்துவிட்டது என்பதற்கு இது நல்ல அடையாளம். கைதேர்ந்த மெக்கானிக் சத்தத்தை வைத்தே இதைச் சொல்லிவிடுவார். பையிலிருந்து அதே அளவு கண்டன்சரை எடுத்து மாட்டிவிட்டுக் கிளம்புவார். அவர் வாங்கும் பணத்தில் கண்டன்சருக்கான விலை கொஞ்சம், கோளாறைக் கண்டுபிடித்ததற்கான கூலி மிச்சம். இந்த இரண்டாவது பங்கைத் தர மனம் வராத வீடுகள்தாம் ‘கடைக்குக் கொண்டுபோய்ப் பாக்கணும்’ என்ற பதிலை வளர்த்துவிட்டவை. மோட்டாரைக் கழற்றி இரண்டு நாள் கடையில் போட்டுவைத்தால் வேலை பெரிதாகத் தெரியும், கூலியும் மறுபேச்சின்றிக் கிடைக்கும்.

சப்மெர்சிபிளில் இதன் விளைவு இன்னும் கனமானது. மூன்று கம்பி வரும் சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிளில் கண்டன்சர் தண்ணீருக்கடியில் இருப்பதில்லை. சுவரில் மாட்டிய பேனல் பெட்டிக்குள் இருக்கிறது. போரிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் பெட்டியில் கழற்றி, ஒன்றுக்கொன்று ரெசிஸ்டன்ஸ் பார்த்து, எர்த்துக்கு மின்கசிவு இருக்கிறதா என்று மெக்கர் வைத்துப் பார்த்தால், காயிலும் கேபிளும் எப்படி இருக்கின்றன என்பது மேலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். இருபது அடிப் பைப்புகள் போட்ட இருநூறு அடி போரில் மோட்டாரை வெளியே எடுக்கப் பத்துப் பைப்பைக் கழற்ற வேண்டும், திரும்பப் பத்தையும் மாட்ட வேண்டும். இரண்டு மூன்று ஆளும் கப்பியும் சங்கிலியும் தேவை. உழைப்பு உண்மையானது என்பதால் அந்தக் கூலியைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் பேனலைச் சோதிக்காமல் ஏற்றியிருந்தால் உழைப்பே வீண். பில்லில் முதலில் பார்க்க வேண்டியது தொகை அல்ல, ஏற்றியதற்கான காரணம்.

மொத்தத்தில் பேரம் பேசுவதன் பெரிய ஓட்டை காயில் கட்டுவதில்தான் இருக்கிறது. எடுத்துக்காட்டுக்காக மட்டும் ஒரு ஏழாயிரத்தைப் பிரிப்போம்: ஏற்றி இறக்க 2,500, காயில் 3,500, புஷ் முதலிய சாமான் 600, கேபிள் ஜாயின்ட் 400. வீட்டுக்காரர் ஆயிரம் குறைக்கிறார். அந்த ஆயிரம் எந்த வரியிலிருந்து போகிறது என்று அவர் கேட்பதில்லை. அதை முடிவுசெய்வது மெக்கானிக். ஆள் கூலியைக் குறைத்தால் உடன் வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே யார் கண்ணுக்கும் படாத இடத்தில்தான் வெட்டு விழும்: தேய்ந்த புஷ் அப்படியே திரும்பிப் போகும், அல்லது செம்புக் கம்பி ஒரு கேஜ் மெலியும். மெலிந்த கம்பி அதே கரண்டுக்கு அதிகமாகச் சூடேறும். அடுத்த கோடையில் மறுபடி கருகும். செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றிவிடுவது இன்னும் துணிச்சலான வெட்டு. அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. மின்கடத்துதிறன் ஏறக்குறைய 61 சதவீதம். சம்ப் மோட்டார் போன்றவற்றில் காயில் கட்டும் கடைகள் கம்பியை எடைபோட்டுத்தான் கணக்குப் பார்க்கின்றன. எத்தனை கிராம் செம்பு, என்ன கேஜ் என்ற இரண்டு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் கடையில் அதற்குமேல் பேரம் பேசுவது வீட்டுக்காரருக்கே நஷ்டம்.

கருகிய பழைய காயிலும் செம்புதான். பழைய இரும்புக் கடையில் அதற்குக் காசு உண்டு. அது யாருக்குச் சேர வேண்டும் என்று இருதரப்பும் பேசுவதே இல்லை, கடையிலேயே தங்கிவிடும். மெக்கானிக் அதைக் கணக்கில் வைத்துத்தான் கூலியைச் சொல்கிறார் என்றால் குற்றமில்லை. வைக்காவிட்டால் பில்லில் எழுதாத ஒரு வரவு அது. பழைய கம்பியைத் திருப்பிக் கேட்பதில் இன்னொரு லாபமும் உண்டு: காயில் உண்மையிலேயே கருகியதா என்பது கண்ணால் தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று விசாரிப்பது அடுத்த அளவுகோல். ஒரே தெருவில், ஒரே மாதிரி போருக்கு இது ஓரளவு செல்லும். தெருவில் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் மெக்கானிக்கைக் கட்டுப்படுத்தவும் செய்யும். தெரு தாண்டினால் ஒப்பீடு தடுமாறும். தாமிரபரணிக் கரையை ஒட்டிய இடங்களில் நீர் அதிக ஆழமில்லாமலே கிடைக்கும். ஆற்றைவிட்டு விலகிய பாறைப் பாங்கான மேட்டில் போர் பல நூறு அடி இறங்கும். ஆழம் கூடினால் பைப்பும் கூடும், கேபிளும் கூடும், மோட்டாரின் ஹெச்.பி.யும் கூடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை எல்லா அளவுகோலையும் சோதித்தது. தாமிரபரணி கரைமீறித் திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. சேற்று நீரில் மூழ்கிய சம்ப் மோட்டாருக்கெல்லாம் காயில் போய்விடுவதில்லை. நல்ல நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, மெக்கரில் குறைந்தது ஒரு மெகா ஓம் காட்டினால் ஓட்டிப் பார்க்கலாம். பேரிங் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். உலர்த்தக் காத்திருக்கும் நாட்களுக்கு யாரும் கூலி தருவதில்லை, காயில் கட்டினால் தருகிறார்கள் என்பதுதான் இங்குள்ள சிக்கல். ஊரே மெக்கானிக்கைத் தேடும் வாரத்தில் கூலி ஏறுவதைக் கொள்ளை என்று சொல்ல முடியாது; நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் உழைப்பவருக்கு அது சேர வேண்டியது. தேவையில்லாத காயில்தான் கொள்ளை.

ஒரே மோட்டார் ஆண்டுக்கு இருமுறை கருகினால் இரண்டு பில்லும் தனித்தனியே சரியாக இருந்தும் மொத்தத்தில் அநியாயமாகிவிடும். லோ வோல்டேஜிலோ, போரில் நீர் வற்றியபின் வெறுமனே ஓடியதாலோ கருகும் காயிலை எத்தனை முறை கட்டியும் பயனில்லை. காரணத்தையும் சேர்த்துச் சொல்பவர் கொஞ்சம் கூடுதலாக வாங்கினாலும் மலிவுதான்.

மொத்தக் கூலி முறையின் உண்மையான பலம் வேலை முடிந்த பின்னால் தெரிகிறது. மொத்தமாகப் பேசியவர் மொத்த வேலைக்கும் பொறுப்பு. ஒரு மாதத்தில் மறுபடி நின்றால் சும்மா வந்து பார்ப்பார், பணம் குறைந்தால் அடுத்த மாதம் வாங்கிக்கொள்வார். வரி வரியாக எழுதிக் கொடுப்பவர் ‘நான் கண்டன்சர்தானே மாத்தினேன்’ என்று நழுவ முடியும்.

ஆனால் சட்டம் எழுதிய சீட்டின் பக்கம் நிற்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, செய்த சேவைக்கு ரசீது தராததே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்று. ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச் சீட்டும் ரசீதுதான். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர் பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை. எண் இல்லாமலே 18 சதவீத வரி என்று சேர்த்திருந்தால் மட்டும் சந்தேகிக்க வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் சில ஆயிரம் ரூபாய்த் தகராறுக்கு மாதக்கணக்கில் அலைய ஆள் கிடைக்காது. அலைந்தாலும் சீட்டும் பழைய காயிலும் கையில் இல்லாமல் வாதம் நிற்காது. மொத்தத் தொகையைப் பேசிக்கொண்டே, மாற்றிய சாமான், கம்பியின் எடை, கேஜ், எத்தனை மாதம் பொறுப்பு என்ற நான்கை மட்டும் அதே சீட்டில் எழுதி வாங்கினால் இரண்டு முறையின் பலமும் கிடைக்கும். அதற்கு மெக்கானிக்குக் கூடுதலாக ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.