நதியின் மரணம், யாருடைய மரணம்?

நம் சூழலியல் எழுத்தில் தாமிரபரணி 'தாய்' ஆகிவிடுகிறாள். தாய்க்குச் சாதியில்லை என்ற பாவனை வேறு. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் சிறைப்பட்ட மாஞ்சோலைத் தொழிலாளர் விடுதலையும் கேட்டு வந்த ஊர்வலத்தைப் போலீஸ் தடியோடு விரட்ட, 17 பேர் செத்தது இந்த ஆற்றில்தான். ஆர்.ஆர். சீனிவாசன் அதுபற்றிய ஆவணப்படத்துக்கு 'நதியின் மரணம்' என்று பெயர் வைத்தார். மனிதர் சாவை நதியின் சாவாக வாசிக்கச் சொல்லும் பெயர்.

அந்த வாசிப்பை நாம் தொடரவில்லை. தோட்டக் குத்தகை 2028 வரை இருக்க, 2024இலேயே 'விருப்ப ஓய்வு' என்று தொழிலாளர்களை மலையிறங்கச் சொன்னார்கள். காடு புலிக்குத் திரும்பட்டும், சரி. காட்டை வெட்டித் தேயிலை போட்ட லாபம் கம்பெனிக்கு. மீட்கிற விலை மட்டும் கொழுந்து பறித்தவர் தலையிலா? இதைக் கேட்காத சூழலியல் வெறும் வர்ணனைதான்.